மத்தியானத் தண்ணீர்

கல்யாணமான மூன்றாம் நாள் நான் வைத்த ரசத்தில் என் வீட்டுக்காரர் ஒரு காகிதத்தை முக்கிப் பார்த்தார். மாமியார் வீட்டில் வைத்து இதைச் செய்திருந்தால் அன்றைக்கே ஒரு முடிவு தெரிந்திருக்கும். கோவில்பட்டிக்குத் தனிக்குடித்தனம் வந்த பிறகு செய்ததால் பிழைத்தார். காகிதம் சிவந்தது. கையிலிருந்த சின்னப் புத்தகத்தின் அட்டையில் வரிசையாக அச்சடித்திருந்த நிறங்களோடு அதை ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, "நாலு" என்றார்.

"நாலுன்னா நல்லாருக்குன்னு அர்த்தமா, நல்லால்லன்னு அர்த்தமா?"

"புளிப்பு சாஸ்தி. மீன் உசிரோட இருக்காது."

"ரசத்துக்குள்ள மீன் எதுக்கு உசிரோட இருக்கணும்?"

அவர் காகிதத்தை உலர்த்தித் தன் நோட்டில் ஒட்டி, பக்கத்தில் 'ரசம்' என்று எழுதிக்கொண்டார். யாருக்கு வாக்கப்பட்டிருக்கிறோம் என்பது எனக்கு அந்த நிமிஷம் புரிந்தது.

அவர் மீன் இலாகாவில் இருந்தார். தற்காலிக வேலை. கரிசல் காட்டில் ஊருணி, கிடங்கு, கண்மாய் என்று எங்கே தண்ணீர் தேங்கினாலும் அதில் கெண்டைக் குஞ்சு விட்டு வளர்த்துக் காட்ட வேண்டும். அறுபதுகளின் தொடக்கம் அது. மழை பெய்தால் முழங்கால் புதையும், பெய்யாவிட்டால் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விழும், அப்படிப்பட்ட மண். அங்கே போய் மீன் வளர்க்கிறேன் என்று ஒரு மனிதர் சைக்கிளில் அலைந்தால் ஊர் சிரிக்குமா, சிரிக்காதா? வாய்விட்டே சிரித்தார்கள். சந்தையில் என்னைக் கண்டால், "ஏ தாயி, மீனு சார் வீட்டுல இன்னைக்கும் கருவாடுதானா?" என்று கேட்பார்கள்.

அந்தக் காகிதத்தின் கணக்கை எனக்கும் சொல்லிக்கொடுத்தார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். ஏழு என்றால் புளிப்பும் இல்லை, சவரும் இல்லை. ஏழுக்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு, மேலே ஏற ஏறச் சவர். மீனுக்கு ஆறரையிலிருந்து எட்டரை வரை உகந்தது. ஒன்பதைத் தாண்டினால் குஞ்சு தாங்காது. சோறு வடித்த கஞ்சி, காப்பி, சோப்பு நுரை, எலுமிச்சம்பழம் எல்லாம் அந்த நோட்டில் ஏறின. ஒரு நாள் நான் கோபத்தில் அழுதபோது அவர் கை சட்டைப் பைக்குப் போனதைப் பார்த்தேன். நான் முறைத்த முறைப்பில் கை திரும்பிவிட்டது.

எனக்கு அந்த ஊர்த் தண்ணீரைக் கண்டாலே ஆகாது. நான் ஆற்றங்கரையில் பிறந்தவள். தாமிரபரணித் தண்ணீரில் பருப்பைப் போட்டு, அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தால் வெந்திருக்கும். கோவில்பட்டியில் ஞாயிற்றுக்கிழமை பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு வேதக்கோயிலுக்குப் போய், பாதிரி ஐயர் பிரசங்கம் முழுவதும் கேட்டு, வாசலில் நின்று நாலு பேரிடம் ஊர்க்கதை பேசிவிட்டுத் திரும்பினாலும் அது போட்ட மேனிக்குக் கிடக்கும். தலைக்கு ஊற்றினால் முடி சிக்குப் பிடிக்கும். எனக்கு அப்போது வாயும் நீளம், கோபமும் மூக்கு நுனியில். இந்தத் தண்ணீருக்காக அவரோடு நான் சண்டை போடாத நாளே கிடையாது.

ஊருக்கு மேற்கே இரண்டு மைலில் ஒரு கிடங்கு இருந்தது. சுண்ணாம்புக்கல்லுக்காகத் தோண்டிப் போட்ட பெரிய பள்ளம். ஐப்பசி மழையில் நிரம்பினால் பங்குனி வரை தண்ணீர் கிடக்கும். ஆடு வளர்க்கிற ஒரு அண்ணாச்சியின் நிலத்தில் இருந்தது அது. என் வீட்டுக்காரர் எப்படிப் பேசினாரோ, அண்ணாச்சியைச் சம்மதிக்க வைத்துவிட்டார். ஆடுகள் கரையை மிதித்துக் கலக்கக் கூடாது என்று, அண்ணாச்சி தன் ஆடுகளை ஒரு மைல் தள்ளி ஊருணிக்குத் தண்ணீர் காட்ட ஓட்டிப்போனார். வானம் பார்த்த பூமியில் ஆட்டின் தண்ணீரை மீனுக்குக் கொடுப்பது என்றால் சும்மா இல்லை. அண்ணாச்சியின் பெண்சாதி, நான் மதினி என்று கூப்பிடுகிறவள், மாதக்கணக்கில் புருஷனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

முதல் வருஷம் விட்ட குஞ்சு ஒரு மாதத்தில் பூராவும் செத்தது. திருநெல்வேலியிலிருந்து மேலதிகாரி வந்து கிடங்கைச் சுற்றிப் பார்த்தார். அவர் சொன்னதை என் வீட்டுக்காரர் வந்து அப்படியே ஒப்பித்தார்.

"இந்த மண்ணுக்கு மீன் ஆகாதுங்காரு. இன்னொரு தடவ பாப்போம்ங்காரு. அதுவும் போச்சுன்னா இங்கன உள்ள வேலைய மூடிட்டு, என்னய ஆத்துப் பக்கம் மீன் பண்ணைக்கு அனுப்பிருவாராம்."

"எந்தப் பண்ணைக்கு?"

சொன்னார். என் அம்மா வீட்டிலிருந்து மூன்று மைல்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போய்ப் பானைக்குப் பின்னால் நின்று சிரித்தேன். பொய் சொல்லக் கூடாது, சந்தோஷம் தாங்கவில்லை. அன்று பருப்பு வேகாததற்குக்கூட நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் வருஷம் குஞ்சு கொண்டுவர அவரே வடக்கே போனார். மண் பானைகளில் தண்ணீரோடு குஞ்சுகளை விட்டு, ரயிலில் ஏற்றி, காற்று கலப்பதற்காகக் கையை விட்டு ஆட்டிக்கொண்டே வர வேண்டும். விடிய விடிய ஆட்டிக்கொண்டே வந்தவர் சாத்தூர் தாண்டியதும் கண் அசந்துவிட்டார். விழித்துப் பார்த்தால் கோவில்பட்டியைத் தாண்டி மணியாச்சி. அங்கே இறங்கி, அடுத்த வண்டி பிடித்து, பானைகளோடு திரும்பி வந்தார். தூக்கத்திலும் கை ஆடிக்கொண்டுதான் இருந்தது என்று இறங்கிய இடத்தில் ஒரு போர்ட்டர் சொன்னாராம். அதை அவர் பெருமையாகச் சொன்னார்.

குஞ்சுகளைக் கிடங்கில் விட்ட விதத்தில் குறை சொல்ல முடியாது. பானைத் தண்ணீரும் கிடங்குத் தண்ணீரும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும் என்று, ஒவ்வொரு செம்பாக ஊற்றி ஊற்றிக் கலந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். என்னைக்கூட அத்தனை பக்குவம் பார்த்து யாரும் புகுந்த வீட்டில் விடவில்லை.

தினமும் விடிந்ததும் சைக்கிளில் போய்க் கிடங்கில் காகிதத்தை முக்குவார். வீட்டுக்கு வந்து நாலு இட்லியை விழுங்கிவிட்டு, எட்டு மணி பஸ்ஸில் புதூர்ப் பக்கத்து ஊருணிகளைப் பார்க்கப் போய்விடுவார். திரும்பும்போது விளக்கு வைத்திருக்கும். காகிதம் தினமும் எட்டுதான் காட்டியது.

"எட்டு. கனகச்சிதம்," என்பார்.

பத்து நாளைக்குள் மீன் சாகத் தொடங்கியது. விடிகாலையில் போனால் கரையோரம் ஏழெட்டு வெள்ளையாக மிதக்கும். காகிதமோ எட்டு. மீன்கொத்தி என்றார்கள். மணியாச்சி வரை போன அலைச்சல் என்றார்கள். அண்ணாச்சி திருஷ்டி என்று சொல்லி, கரையில் ஒரு கம்பு நட்டுக் கறுப்புச் சட்டியில் சுண்ணாம்புப் புள்ளி வைத்துக் கவிழ்த்தார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற என் வீட்டுக்காரர் அதை எடுக்கச் சொல்லவில்லை. ஒரு நாள் சட்டி லேசாகச் சாய்ந்திருந்தபோது அவரே நிமிர்த்தி வைத்தார் என்று மதினி என்னிடம் சொன்னாள்.

மீனுக்குத் தீனி போதவில்லை என்பது அவருடைய முடிவு. சாணி கரைத்து ஊற்றினால் தண்ணீரில் பாசி உண்டாகும், அது குஞ்சுக்கு ஆகாரம் என்று புத்தகத்தில் இருந்தது. ஒரு கூடை ஊற்றச் சொன்னால் நாலு கூடை ஊற்றினார். கிடங்கு பச்சைப்பசேல் என்று ஆனது. மீன் இன்னும் கூடுதலாகச் செத்தது.

ஒரு நாள் திருநெல்வேலியில் கூட்டம் என்று போக வேண்டியிருந்தது. தவிடும் கடலைப் பிண்ணாக்கும் பிசைந்து கிடங்கில் போடச் சொல்லி என்னை ஏவிவிட்டுப் போனார். சந்தைக்கு வந்திருந்த அண்ணாச்சியின் மாட்டுவண்டியில் ஏறி, உச்சிப்பொழுதுக்குப் போய்ச் சேர்ந்தேன். மதினி மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தாள். அம்மனுக்கு நேர்ந்துகொண்டு மஞ்சளில் முக்கியெடுத்த சேலை கட்டுகிற மாதம் அவளுக்கு. அவள் கை ஓய்ந்திருந்ததால் உலக்கையை நான் வாங்கினேன், இடித்ததை அள்ளிச் சலித்தும் கொடுத்தேன். மணிக்கட்டு வரை மஞ்சள் ஏறியது.

அந்தக் கையோடு போய்க் கிடங்கில் பிண்ணாக்கை நனைத்துப் பிசைந்தேன். கை சிவந்துகொண்டே வந்தது. அறுத்துக்கொண்டேனோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன், வலி இல்லை. பின்னால் நின்ற மதினி சிரித்தாள்.

"மத்தியானம் அப்பிடித்தான் ஆவும், தாயி. பயப்படாத. இப்ப இந்தத் தண்ணியில மஞ்சளு நிக்காது, குங்குமமாயிரும்."

"எப்பவுமே இப்பிடித்தானா?"

"வெள்ளன வந்து அலசுனா மஞ்சளு மஞ்சளாவே இருக்கும். நா அதான் கோழி கூப்புட சேலய அலசிருவேன். வெயில் ஏறிட்டா தொடமாட்டேன். மீனு சாரு சாணி ஊத்துனதுல இருந்து இன்னும் மோசம்."

"அவியகிட்ட இதச் சொல்லலையா?"

"சேல அலசுறதப் பத்தி அவிய எங்கிட்ட எங்க கேட்டாவ?"

மஞ்சள் கறை சோப்புப் பட்டால் சிவக்கும் என்பது நம்மில் யாருக்குத்தான் தெரியாது? சோப்பு சவர். அந்த நோட்டில் அதற்கு ஒன்பதரைக்கு மேல் போட்டு ஒட்டியிருந்தார். அப்படியானால் காலையில் எட்டாக இருக்கிற இந்தத் தண்ணீர் வெயில் ஏற ஏறச் சோப்புத் தண்ணீராக ஆகிறது. மத்தியானம் குஞ்சு அந்தச் சவரில் வெந்து சாகிறது. விடிவதற்குள் தண்ணீர் மறுபடியும் நல்ல பிள்ளையாகிவிடுகிறது, இவர் வந்து எட்டு என்று எழுதிவிட்டுப் போகிறார். அத்தனையும் அந்தக் கரையில் உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைதான் படித்தேன், ஆனால் மூளையில் பழுது கிடையாது.

வண்டியில் திரும்பி வரும்போதே தீர்மானம் செய்துவிட்டேன், சொல்லப் போவதில்லை என்று.

சொன்னால் மீன் பிழைக்கும். மீன் பிழைத்தால் நாங்கள் இங்கேயே கிடக்க வேண்டும். சொல்லாவிட்டால் இன்னும் ஒரு மாதம், பிறகு ஆற்றங்கரை, அம்மா, வெந்த பருப்பு. அவருக்கு வேலை போகப் போவதில்லையே, இடம்தானே மாறுகிறது என்று என் மனசுக்கு நானே வக்கீலாக நின்று வாதாடினேன். கெடுவான் கேடு நினைப்பான் என்று அம்மா சொல்லுவாள். அதை நினைக்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். தினமும் காலையில் வந்து, "இன்னைக்குப் பதினொண்ணு" என்பார், "இன்னைக்குப் பதினாலு" என்பார். நான் இன்னும் இரண்டு இட்லியைத் தட்டில் வைப்பேன். அந்த ஒன்பது நாளும் அவருக்குப் பிடித்ததாகப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். உளுந்தங்களி கூடக் கிண்டினேன்.

பத்தாம் நாள் காலை கிடங்கிலிருந்து வந்தவர் சைக்கிளை நிறுத்தவில்லை. பிடித்தபடியே வாசலில் நின்றார்.

"அண்ணாச்சி ஆட்ட இன்னைக்கும் ஊருணிக்கு ஓட்டிட்டுப் போறாரு. நா அவரு மூஞ்சியப் பாக்க முடியாம பனைக்குப் பின்னால நின்னேன். நா எதோ தப்புப் பண்ணுதேன். என்ன தப்புன்னு தெரியல. ஒனக்கு என்ன தோணுது?"

அவர் என்னிடம் மீனைப் பற்றி அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்காமல் இருந்திருக்கலாம் பாவி மனுஷன்.

"காலையில மட்டும் பாத்தா என்ன தெரியும்?" என்றேன். "இன்னைக்கு பஸ்ஸுக்குப் போவாதீங்க. மத்தியானம் போயி முக்கிப் பாருங்க."

மூன்று மணிக்குத் திரும்பினார். வேர்த்து ஒழுகிக்கொண்டு, சாப்பிடாமல், கருநீலமாகிப்போன காகிதத்தைக் கல்யாணப் பத்திரிகை நீட்டுவதுபோல என் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஒம்பதே முக்கா! ஏட்டி, ஒம்பதே முக்கா!" என்றார். தன் மீனைக் கொன்ற எண்ணைச் சொல்லி அப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அதன் பிறகு நடந்ததை அவர் வாயால் கேட்டால் ஒரு நாள் ஆகும், நான் சுருக்கிச் சொல்கிறேன். பாசிதான் வெயிலைக் குடித்துக்கொண்டு தண்ணீரின் சவரை ஏற்றுகிறது என்று கண்டுகொண்டார். சாணியை நிறுத்தினார். மதினியின் பழைய சேலைகளை வாங்கி, அவரும் அண்ணாச்சியும் ஆளுக்கொரு முனை பிடித்துப் பாசியை வடித்து வடித்துக் கரையேற்றினார்கள். பனையோலையைத் தட்டியாக முடைந்து, கிடங்கில் மூன்றில் ஒரு பங்குக்கு நிழல் போட்டார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் நின்று பார்த்து, "மீனுக்குப் பந்தல் போட்டாச்சு, மேளத்துக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டார்கள். பத்து நாளில் மத்தியானக் காகிதம் எட்டரைக்கு இறங்கியது. சாவு நின்றது.

மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையை எனக்கு வாசித்துக் காட்டினார். "இடையறாத ஆராய்ச்சியின் பயனாக" என்று இருந்தது. நான் அவரையே பார்த்தேன். "இடையறாத" என்பதை மட்டும் அடித்தார்.

பங்குனியில் தண்ணீர் வற்றி வலை போட்டபோது சாணுக்கு மேல் நீளத்தில் கெண்டைகள் துள்ளின. ஊரே கரையில் நின்றது. தூத்துக்குடிக் கடல் மீனும் கருவாடும் தின்று பழகிய நாக்குகள், "மண்ணு வாசமால்லா இருக்கு" என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் தடவை குழம்பு ஊற்றிக்கொண்டன. அண்ணாச்சி முதல் மீனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய், அத்தனை பேர் முன்னால் மதினியிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். என் வீட்டுக்காரர் சேற்றில் நின்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு முகம் நான் அவரிடம் பார்த்ததில்லை.

வந்திருந்த மேலதிகாரி அங்கேயே அறிவித்தார். வேலை நிரந்தரம். சுற்றுவட்டாரத்துக் கிடங்குகள் அத்தனையும் இனி இவர் பொறுப்பு. கரிசலில் மீன் வளர்த்தவரை வேறெங்கும் அனுப்புவதாக இல்லை.

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மீனை அரியும்போது அழுகை வந்துவிட்டது. அவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"சந்தோஷத்துலயா அழுத?"

"இல்ல," என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கை சிவந்தது, ஒன்பது நாள் சொல்லாமல் வைத்திருந்தது, ஆறு, அம்மா, இந்த நாசமாய்ப் போன தண்ணீர், எல்லாம்.

அவர் மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விரல் விட்டு ஏதோ எண்ணினார். செத்த மீனைத்தான் எண்ணுகிறார் என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அதான் பாத்தேன்," என்றார். "ஒம்பது நாளு ஒரு சண்ட கூட இல்லாம இருந்துச்சே வீடு. ஒனக்கு ஒடம்புக்கு முடியலையோன்னு நா பயந்துட்டு இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன்னால் ஒரு உறையை என்னிடம் கொடுத்துத் தபாலில் சேர்க்கச் சொன்னார். ஒட்டியிருக்கவில்லை. நான் வாசிக்க வேண்டும் என்றுதான் ஒட்டாமல் கொடுத்தாரோ என்னவோ. ஆற்றுப் பக்கப் பண்ணைக்கே மாற்றல் கேட்டு மேலதிகாரிக்கு எழுதியிருந்தார். "என் மனைவிக்கு இவ்வூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று காரணம் போட்டிருந்தார்.

தபாலாபீஸ் வரைக்கும் போனேன். சிவப்புப் பெட்டி முன்னால் உறையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். அந்தப் பண்ணையில் இவரைப் போலப் பத்துப் பேர் இருந்தார்கள். அதிகாரி வந்தால் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போவார்கள். சேற்றில் நின்ற அந்த முகத்தை அங்கே கொண்டுபோய்த் தொலைக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் மேல் எனக்கு அத்தனை பிரியம் இருக்கிறது என்பதே அந்தப் பெட்டி முன்னால் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது, கோபம்கூட வந்தது. வீட்டுக்கு வந்து உறையை அடுப்பில் போட்டுப் பருப்பை ஏற்றினேன்.

பதில் வரும், வரும் என்று பார்த்தார். பதினொரு வருஷம் அந்த ஊரில் இருந்தோம். "ஒரு மனுஷன் எழுதுனா ஆமாம், இல்லன்னு ரெண்டு வரி போட மாட்டானுவளா?" என்று வருஷத்துக்கு நாலு தடவையாவது இலாகாவைத் திட்டுவார். அவர் திட்டும்போதெல்லாம் நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.